ஆணியால் கீறிய கல்

பிற்பகல் ஒன்று நாற்பது. மார்ச் மாதத்து வியாழக்கிழமை. பாரிசின் ரூ காய் தெருவில் நான் வேலை செய்த மளிகைக் கடைக்கு வியாழன்தோறும் மரக்கறிப் பெட்டிகள் வரும். பயற்றங்காய்ப் பெட்டியைத் திறந்து, அழுகியதை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமுமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குள் வேலை முடியுமா என்று தராசுக்கு மேலே தொங்கிய மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தேன். அதனால்தான் நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவில் நிற்கிறது. அந்தக் கணத்தில் கதவு திறந்தது. எதிர்க் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருந்த புதுச்சேரி அக்கா உள்ளே வந்தார்.

கோட்டுப் போடாமல் வந்திருந்தார். காலில் வீட்டுச் செருப்பு. பாண் வாங்கப் போவதென்றாலும் கழுத்தில் துணி சுற்றி, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு இறங்குகிறவர் அவர்.

"டீச்சரம்மா, பயப்படாதீங்க," என்றார்.

அப்படித் தொடங்குகிற செய்தி எதையும் நான் நல்ல செய்தியாகக் கேட்டதில்லை. கையில் இருந்த பயற்றங்காய்ப் பிடியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"லிசேலேந்து தெலெஃபோன் வந்துச்சு. பிள்ளைங்க போன எடத்துல பாறை இடிஞ்சி பீச்சுல விழுந்துடுச்சாம். மத்த பிள்ளைங்கல்லாம் இந்தப் பக்கம் இருக்காங்க. உங்க பொண்ணும் அவங்க டீச்சரும் மட்டும் அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் எண்டால்?"

"இடிஞ்சி விழுந்ததுக்கு அந்தப் பக்கம்." தரையைப் பார்த்தபடி சொன்னார். "அடியில மாட்டிக்கிட்டாங்கன்னு சொல்லல. ஆனா கண்ணால பார்த்தோம்னும் சொல்லல. அந்தப் பக்கம்னு நெனைக்கறாங்களாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் அத்தைன்னேன். அம்மா கடைத்தெருவுக்குப் போயிருக்காங்க, வந்ததும் அனுப்புறேன்னேன். வேற என்னத்தச் சொல்றது? நீங்க இருக்கறதா எழுதிக் கொடுத்த வீட்டுல நீங்க இல்லையே."

உண்மைதான். நாங்கள் பாரிசுக்கு வெளியே செவ்ரானில் ஓர் ஒற்றை அறையில் இருந்தோம். கணவருக்குப் புறநகர் வெதுப்பகம் ஒன்றில் இரவு வேலை, பகலில் தூங்குவார். வீட்டில் தொலைபேசி கிடையாது. மகள் லிசேக்கு, அதாவது உயர்தரப் பள்ளிக்கு, போகும் வயது வந்தபோது, அவளைப் பாரிசுக்குள் ஒரு நல்ல பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அதற்குப் பாரிசில் முகவரி வேண்டும். அக்காவின் கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்று இறந்தவர். அவர்கள் புதுச்சேரியிலிருந்தே பிரெஞ்சுக் குடிமக்கள். அக்காவின் கதவில் பெயர், தபால் பெட்டியில் பெயர், சுவரில் தொலைபேசி எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒரு மாலை தேநீர் குடித்துக்கொண்டே, "எம் முகவரியப் போட்டுக்கோங்க, அதுல என்ன இருக்கு?" என்றார். போட்டுக்கொண்டோம். யாழ்ப்பாணத்தில் பதினான்கு ஆண்டுகள் ஆசிரியையாக நின்று பிள்ளைகளுக்கு நேர்மை பற்றிப் பேசிய நான்தான் அந்தப் படிவத்தைச் சுத்தமான எழுத்தில் நிரப்பினேன்.

கடைக்கார அண்ணை எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு பின்னறையிலிருந்து வந்தார். மற்ற நாட்களில், "ரீச்சர், இந்த முருங்கைக்காய் எந்த நாட்டு மண்ணிலை விளைஞ்சது, சொல்லுங்கோ பாப்பம்," என்று வாடிக்கையாளர் முன்னால் என்னைச் சீண்டுகிறவர். அன்று பயற்றங்காயை என் கையிலிருந்து அவரே வாங்கிப் பெட்டிக்குள் போட்டார்.

"நீங்கள் போங்கோ, ரீச்சர். தராசை நான் பாக்கிறன்."

அது மகளுடைய இயற்கை விஞ்ஞான வகுப்பின் ஒருநாள் பயணம். நோர்மண்டிக் கரையில் கடலை நோக்கிச் செங்குத்தாக நிற்கும் வெள்ளை மண்மலைகளைப் பார்க்கப் போனார்கள். யாழ்ப்பாணத்துப் பாடநூலில் அதற்கு ஓங்கல் என்று பெயர். கீழே வெண்கட்டி, அதாவது கரும்பலகையில் நாங்கள் எழுதுகிற அதே பொருள். அதற்கு மேலே பனியுகத்தில் படிந்த பழுப்பு மண்ணும் கல்லும். மகள் கொண்டுவந்த தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது. அனுமதிப் படிவத்தைக் கண்டதும் கணவர், "கடல் பாக்கிறதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? அது ஊரிலையே கிடந்ததே," என்றார். நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். உண்மையில் அவளைவிட எனக்குத்தான் ஆசை.

ஏனென்றால், பனிக்கட்டியாறுகளைப் பற்றி நான் பதினான்கு ஆண்டுகள் படிப்பித்திருக்கிறேன், ஒன்றையும் கண்டதில்லை. பனிக்கட்டியாறு மலையிலிருந்து எப்படி இறங்கும், வழியில் கல்லை எப்படிப் பிடுங்கும், பிடுங்கிய கல்லைப் பாறையில் உரசி எப்படிக் கோடு போடும், உருகும்போது கல்லையும் களியையும் எப்படிக் கலந்து போட்டுவிட்டுப் போகும் என்று வேர்த்து வழியும் மாணவிகளுக்கு வேர்த்து வழிந்தபடி சொல்லியிருக்கிறேன். எங்கள் பள்ளிப் புவியியல் அறையில் மரத்தால் செய்த மாதிரிப் பெட்டி ஒன்று இருந்தது. இருபத்துநான்கு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு கல், கீழே ஒரு சீட்டு. மாணவிகளே கொண்டுவந்து நிரப்ப வேண்டும் என்பது வழக்கம். ஒரு குழி மட்டும் எப்போதும் வெறுமையாக இருந்தது. அதன் சீட்டில், "பனிக்கட்டியாற்றினால் கீறப்பட்ட கல்" என்று எனக்கு முன்னிருந்த யாரோ எழுதியிருந்தார்கள்.

ஒருமுறை பரிசோதகர் வருகிறார் என்று அறிவித்தார்கள். அந்த வெறுங்குழி என்னை உறுத்தியது. பள்ளி மதிலடியில் கிடந்த ஒரு சுண்ணாம்புக் கல்லை எடுத்துத் தட்டையாகத் தேய்த்து, ஆணியால் ஒரே திசையில் ஏழெட்டுக் கோடுகள் கீறி, கொஞ்சம் மண் பூசிக் குழியில் வைத்தேன். பரிசோதகர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, நல்ல மாதிரி என்றார். அதன் பிறகு நான் ஊரை விட்டு வெளிக்கிடும்வரை அந்தக் கல் அங்கேயே இருந்தது. எத்தனையோ மாணவிகள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பயணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, தாளைப் படித்துக் காட்டிய மகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். இங்கே வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்லப் பழகியிருந்தாள். இதற்கு மட்டும் தமிழில் சிரித்தாள்.

"அப்ப நீங்கள் கள்ளக் கல்லு வச்ச ரீச்சரோ, அம்மா?"

"ஓம். அதுக்குத்தான் உண்மையான கல்லு ஒண்டு எடுத்துக்கொண்டு வா."

"எப்பிடி இருக்கும்?"

"ஒரு பக்கம் தட்டையாய் இருக்கும். அதிலை எல்லாக் கோடும் ஒரே திசையிலை ஓடும். உச்சியிலை இருக்கிற மண்ணுக்கைதான் கிடக்கும். உனக்கு அங்கை ஏறேலாது. அந்த மண் இடிஞ்சு அடியிலை விழுந்து கிடக்கிற இடமாய்ப் பாத்துத் தேடு."

இதை நான்தான் சொன்னேன். ஓங்கலின் அடியில் எந்த இடத்தில் நிற்கக் கூடாதோ, அந்த இடத்தைச் சரியாகச் சுட்டிக்காட்டினேன். வியாழன் அதிகாலை அவள் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, "கவனம், பிள்ளை" என்று சொல்லியிருக்க வேண்டும். "கல்லை மறந்திடாதை" என்றேன்.

அக்கா மேலே ஓடிப்போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். இருவரும் நடந்தோம். லிசே பத்து நிமிட நடை. லா சப்பல் நிலையத்துப் பக்கம் மெத்ரோ தலைக்கு மேலே, இரும்புத் தூண்களின் மீது ஓடும். அதன் கீழே நடந்துபோகும்போது ஒரு வண்டி கடந்தது. தினமும் கேட்கிற சத்தம். அன்று நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வண்டி முழுவதும் போய் முடியும்வரை அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பப்பியே, அடையாள அட்டையெல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார் பிறகு.

"ஓம். கார்ட் கிடக்கு."

"அதுல செவ்ரான்னு போட்டிருக்கும். காட்டாதீங்க. நான் பேசுறேன். நீங்க அழுதாப் போதும்."

லிசே வாயிலில் இருந்த காவலர் அடையாள அட்டை கேட்டார். அக்கா தன்னுடையதைக் காட்டிவிட்டு, நான் அவருடைய நாத்தனார் என்றும், பதற்றத்தில் எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகவும் சரளமான பிரெஞ்சில் சொன்னார். உள்ளே அலுவலகத்தில் ஒரு பெண் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். வேறு சில பெற்றோரும் வந்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இந்தப் பக்கம் என்று உறுதியாகிவிட்டதால் அவர்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

அலுவலகப் பெண் தொலைபேசியை வைத்துவிட்டு, தாய் யார் என்று கேட்டார். அக்கா பதில் சொல்லத் தொடங்கினார். முகவரி, உறவு, கடைத்தெரு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படுவதைக் கேட்டேன். இந்தப் பொய்யின் அடியில் என் பிள்ளையைப் பற்றிய செய்தி எங்காவது புதைந்துபோய்விடும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது தாயைத் தேடினால் எந்தக் கதவைத் தட்டுவார்கள்? கைப்பையிலிருந்து என் அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், நான்தான் தாய், நாங்கள் செவ்ரானில் இருக்கிறோம், எழுதிக் கொடுத்த முகவரி பொய் என்று சொன்னேன்.

அந்தப் பெண் அட்டையைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். அக்கா என் காலை மேசைக்குக் கீழே மிதித்தார், காலம் கடந்து.

"அது பிறகு பார்க்கலாம்," என்றார் அந்தப் பெண். எழுந்து தன்னுடைய கதிரையையே எனக்குத் தள்ளிவிட்டார். பிற்பாடு அதைப் பற்றி யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கோப்பு எப்படியோ தன் இடத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறது.

உட்கார்ந்தேன். அக்கா செபமாலையை எடுத்தார். மாலையில் பத்து மணிகளை உருட்டியபின், "நீங்களும் ஏதாவது சொல்லுங்க, உங்க சாமியாத்தான் இருக்கட்டும்," என்றார்.

"ஒண்டும் வருகுதில்லை, அக்கா. பாடம்தான் வருகுது."

உண்மையிலேயே பாடம்தான் வந்தது. ஓங்கல் அரிப்பு, ஐந்து நிலைகள். அலை அடியில் அறைந்து ஒரு வெட்டுப் பள்ளம் உண்டாக்கும். பள்ளம் ஆழமாகும். மேலே இருப்பது தாங்குவாரில்லாமல் தொங்கும். மாரியில் நீர் வெடிப்புகளுக்குள் இறங்கும், உறைந்தால் விரியும், இளகினால் பிடி விடும். பிறகு ஒரு நாள், பெரும்பாலும் குளிர்காலம் முடியும் தறுவாயில், மழையோ காற்றோ இல்லாத சாதாரண வேளையில், முகப்பு முழுவதுமாகக் கழன்று விழும். கரை சில அடி பின்வாங்கும். முழுப் புள்ளி வேண்டுமென்றால் படம் வரைந்து பெயர் குறிக்க வேண்டும்.

அந்தப் படத்தை நான் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன்! ஓங்கலின் உயரம் மாணவிகளுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக அடியில் எப்போதும் ஒரு குச்சி மனிதனையும் வரைவேன். ஒரு வட்டம், ஐந்து கோடு. அளவுக்காக. அடுத்த படம், அதாவது இடிந்து விழுந்த பிறகுள்ள படம், வரையும்போது அந்தக் குச்சி மனிதனை அழித்துவிடுவேன். ஏன் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

இரண்டே முக்காலுக்கு எனக்கு இன்னொன்று உறைத்தது. எழுந்து போய் அலுவலகப் பெண்ணிடம், அந்தக் கரையில் வற்று எப்போது, பெருக்கு எப்போது என்று கேட்க முயன்றேன். பிரெஞ்சில் சொல் வரவில்லை. கையை உயர்த்தித் தாழ்த்திக் காட்டினேன்.

"என்ன கேக்குறீங்க?" என்றார் அக்கா.

"கடல் எப்ப ஏறும் எண்டு. அவை அந்தப் பக்கத்திலை உயிரோடை நிண்டாலும், பின்னாலை சுவர், ஒரு பக்கம் இடிஞ்ச மண். தண்ணி ஏறினால் நிக்கிறதுக்கு இடமில்லை."

அக்கா என்னைப் பார்த்தார். அதை அப்படியே மொழிபெயர்த்தாரா என்று தெரியாது. அந்தப் பெண் உடனே ஒரு எண்ணைச் சுழற்றினார். பேசினார், தலையசைத்தார், தொலைபேசியை வைத்தார். கடல் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டதாம். தீயணைப்புப் படையினர், இங்கே அவர்களுக்குப் பொம்பியே என்று பெயர், படகுக்குச் சொல்லியிருக்கிறார்களாம்.

"பொம்பியே வந்துட்டாங்கன்னா பயம் இல்ல," என்றார் அக்கா. செபமாலை அவர் கையில் அதே மணியில் நின்றுகொண்டிருந்தது.

நாலேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டே ஒரு தாளில் எழுதினார். எழுதும்போதே என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். அது ஆம் என்பதா, இரங்கலா என்று விளங்கவில்லை. பிறகு வைத்துவிட்டு வாசித்தார். இரண்டு பேரையும் படகில் எடுத்துவிட்டார்கள். மாணவிக்குச் சிராய்ப்பு மட்டும். ஆசிரியைக்குத் தோள் எலும்பு முறிந்திருக்கிறது. அங்கேயே ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மாணவியை வைத்தியர் பார்த்துவிட்டார். பேருந்து ஐந்து மணிக்குப் புறப்படும்.

அங்கிருந்த ஒரு பிரெஞ்சுத் தாய் எழுந்து வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். அலுவலகப் பெண் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு மாணவி கல் தேடிக் கூட்டத்தை விட்டு விலகிப் போயிருக்கிறாள். ஆசிரியை அவளைக் கூப்பிட்டிருக்கிறார், அவளுக்குக் கேட்கவில்லை. கூட்டி வரப் போயிருக்கிறார். அவளைப் பிடித்து இழுத்த நேரத்தில் ஓங்கல் இடிந்து விழுந்திருக்கிறது. குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எழுதியிருந்ததை வாசித்தார், அவ்வளவுதான்.

"அக்கா, நான்தான் அனுப்பினனான்," என்றேன். "எந்த இடத்திலை தேட வேணும் எண்டும் நான்தான் சொன்னனான்."

அக்காவுக்கு மாதிரிப் பெட்டியின் கதை தெரியாது. எதையோ ஊகித்திருக்க வேண்டும்.

"இருக்கட்டும். அத இங்க சொல்லாதீங்க," என்றார். "இன்னிக்கு ஒரு உண்மை சொன்னீங்கள்ல? அதுவே போதும். ஒரு நாளைக்கு ஒண்ணு."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நானும் சிரித்திருப்பேன் போலிருக்கிறது. அந்தப் பிரெஞ்சுத் தாய் கையை எடுத்துக்கொண்டார்.

ஆனால் அன்று சொல்லாததை என்றாவது சொல்லத்தான் வேண்டியிருந்தது. வசந்தம் முடியும் தறுவாயில் அந்த ஆசிரியை கட்டுப் போட்ட கையுடன் வேலைக்குத் திரும்பினார். மூன்று பிரெஞ்சு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். இரண்டாவது வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டேன். அவர் மூன்றாவதைக் கேட்கவில்லை. கட்டில்லாத கையால் எனக்கு ஒரு கோப்பை காப்பி ஊற்றித் தந்தார். நான் இன்றைக்கும் அந்த மூன்றாவது வாக்கியத்தை மறக்கவில்லை. தூக்கம் வராதபோது அதன் சொற்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்த வியாழன் ஐந்து மணிக்குப் பிறகு கடைக்கார அண்ணை ஒரு தூக்குப் போணியில் தேநீரும், தாளில் சுற்றிய நாலு வடையும் கொண்டுவந்து காவலரிடம் கொடுத்துவிட்டுப் போனார். செவ்ரானில் கணவர் இன்னும் எழும்பியிருக்க மாட்டார். அவருக்கு இந்த நாள் இன்னும் தொடங்கவேயில்லை என்று நினைத்தபோது பொறாமையாக இருந்தது. அக்கா ஒரு வடையைப் பாதியாகப் பிய்த்து என் கையில் வைத்தார். தின்றேனா என்று ஞாபகம் இல்லை.

எட்டு மணி தாண்டியதும் பேருந்து லிசேக்கு முன்னால் வந்து நின்றது. பிள்ளைகள் சத்தம் போடாமல் இறங்கினார்கள். ஒவ்வொருவராகத் தத்தம் பெற்றோரிடம் போனார்கள். கடைசியாக, சாரதியும் எழுந்து நின்ற பிறகு, என் மகள் இறங்கினாள். யாரோ ஒரு பெரிய ஆளின் மழைக்கோட்டுக்குள் இருந்தாள். தலைமயிரில் காதுவரை பழுப்பு மண் காய்ந்திருந்தது. சப்பாத்து இரண்டும் வெண்கட்டித் தூளில் வெள்ளையாக இருந்தன. கரும்பலகையைத் துடைத்துவிட்டு வந்தால் என் கைகள் அப்படித்தான் இருக்கும்.

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். மழைக்கோட்டுக்குள் அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் என்னிடமிருந்து கொஞ்சம் விலகி, கோட்டுப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். வெளிப்புறம் வெண்மை, உள்ளே கறுப்பு. ஓரங்கள் எல்லாம் கத்தி முனைபோல உடைந்திருந்தன. தெருவிளக்கின் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை.

வழமையாகப் பிரெஞ்சில் பேசுகிறவள் அன்று தமிழில் பேசினாள்.

"கீறல் விழுந்த கல்லு அங்கை இல்லை, அம்மா. தண்ணி ஏறிக்கொண்டு இருக்கேக்கை ரீச்சர் சொன்னவா. தோள் நொந்துகொண்டு இருந்தது, எண்டாலும் என்னைப் பயப்பிட விடாமல் கதைச்சுக்கொண்டே இருந்தவா. பனிக்கட்டியாறு அந்தக் கரைக்கு வரவே இல்லையாம். குளிர் மட்டும்தான் வந்ததாம்."